ராத் மரத்தவளை: சிரிப்புக் குரலும் அது கேட்கும் நிலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் வடக்குச் சவானாவில், மழைக்கால இரவுகளில், மரக்கிளையிலிருந்து யாரோ எகத்தாளமாகச் சிரிப்பது போல ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு உரியது ராத் மரத்தவளை. அதன் குரலை இனங்காண்பது, பதிவுசெய்வது, அது வாழும் பரப்பைப் புரிந்துகொள்வது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

ராத் என்பது யார்? அறிவியல் பெயர் என்ன?

லிட்டோரியா ரோத்தியை. குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் இருந்த சார்லஸ் வால்டர் டி விஸ் 1884-இல் இதை விவரித்துப் பெயரிட்டார். குயின்ஸ்லாந்துக் கடற்கரை ஊரான மக்கேயில் அப்போது வாழ்ந்த மானிடவியலர் ஹென்றி லிங் ராத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். லிட்டோரியா மிகப் பெரிய பேரினம். ஆய்வாளர்கள் அதைப் பல துண்டாகப் பிரித்து வருகிறார்கள். ஆகவே முன்பாதி வேறாக உள்ள பெயரைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். 'ரோத்தியை' என்ற பின்பாதி மாறாது. தேடும்போது அதை வைத்தே தேடுங்கள்.

நம் ஊர்க் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேரைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. விரல் நுனியில் வட்டத் திண்டு இருப்பதும் சுவர் ஏறுவதும் பொது, குடும்பம் வேறு. நம்முடையது நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடும். ராத் மரத்தவளை நேராக நீரிலேயே இடும்.

பார்த்தால் எப்படிக் கண்டுகொள்வது?

கண்ணைப் பாருங்கள். கருவிழியைச் சுற்றியுள்ள வளையத்தின் மேல்பாதி செங்கல் சிவப்பாகவும், கீழ்ப்பாதி வெளிறிய சாம்பலாகவும் இருக்கும். முதுகு நிறத்தை நம்பக் கூடாது. பகலில் வெயில் படும் இலையில் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும் அதே தவளை இரவில் பழுப்பாகிவிடும். காலை நீட்டும்போது தொடையின் பின்புறத்திலும் இடுக்கிலும் கருப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள் தெரியும். உடல் நீளம் 5 முதல் 6 செ.மீ. வரை.

குரலை எழுத்தில் சொல்ல முடியுமா?

ஓரளவுக்குத்தான். 'ஹெ-ஹெ-ஹெ-ஹெ' என்று கரகரத்த தனித்தனி வெட்டுகள் வேகமாக அடுத்தடுத்து வரும், பிறகு இடைவெளி, மறுபடி அதே. இழுத்துப் பாடும் குரல் இல்லை, ஒவ்வொரு வெட்டும் காதில் தனியாக விழும். அக்கம்பக்கத்து ஆண்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போலத் தொடங்குவதால், ஒரு மரம் சிரித்து முடித்ததும் எதிர்க்கரை மரம் சிரிக்கும்.

'சிரிப்பு' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து. அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பவர், சிரிப்பு போலத் தோன்றும் எதையும் ராத் என்று எழுதிவிடுகிறார். ஒரு தொடரில் எத்தனை வெட்டு, வெட்டுகளுக்கு இடையே வேகம் கூடுகிறதா, குரல் கீழே இறங்குகிறதா என்ற மூன்றையும் கவனித்து எழுதுங்கள்.

எல்லாத் தவளையும் கத்துமா? எதற்காக?

கூட்டமாகக் கேட்பதெல்லாம் ஆண்களின் குரல். வாயும் மூக்கும் மூடியிருக்க, நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்கும் இடையே காற்று போய் வரும்; நடுவில் உள்ள குரல்நாண்கள் அதிரும்; உப்பிய பை அதை வெளியே பரப்பும். பெண்ணை அழைக்கும் குரல்தான் இனங்காண உதவுவது. பக்கத்தில் இன்னொரு ஆண் வந்தால் எழுப்பும் எச்சரிக்கைக் குரல் சுருதியிலும் நீளத்திலும் மாறும். ஆணைத் தவறாக இன்னோர் ஆண் பற்றிக்கொண்டால் 'விடு' என்று ஒரு குரல். பாம்பு கவ்வும்போது ஒரு வீறிடல். கடைசி இரண்டையும் வைத்து இனத்தைச் சொல்லப் போகாதீர்கள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று நாம் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். பெண்ணுக்குக் கேட்கிற குரல் மரப்பாம்புக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். நீங்கள் நெருங்கியதும் மொத்தக் குளமும் வாயடைத்துப் போவது அதனால்தான். அசையாமல் நின்றால் சில நிமிடத்தில் ஒன்று தொடங்கும், மற்றவை தொடரும்.

'சிரிக்கும் மரத்தவளை' என்று புத்தகங்களில் வேறு தவளையின் படம் இருக்கிறதே?

அந்தப் பட்டப்பெயர் குறைந்தது மூன்று இனங்களுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராத் வடக்கத்தியது. பெரோன் மரத்தவளை நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கு என்று தெற்கே பரவியது. டைலர் மரத்தவளை கிழக்குக் கடற்கரையை ஒட்டியது. 1979-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. மூன்றும் உருவத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெரோனின் குரல் நீண்டு, சுவரில் துளையிடும் கருவி போல உருண்டு, போகப் போக இறங்கும். டைலரின் குரல் குட்டையாக, வெடுக்கென்று முடியும். வடக்கே டார்வின் நகரிலோ வடமேற்கே கிம்பர்லியிலோ நின்றால் இந்தச் சந்தேகமே வராது, மற்ற இரண்டும் அங்கே இல்லை. குயின்ஸ்லாந்துக் கடற்கரையில் ராத்தின் பரப்பு முடியும் தென்பகுதியில்தான் சிக்கல். அங்கே குரலை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், கண்ணின் நிறம் தெரியும்படி ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவளையே இல்லாத எதை ராத் என்று தவறாகக் கொள்கிறார்கள்?

முதலில் குக்கபுரா. வடக்கில் நீலச்சிறகுக் குக்கபுரா, கிழக்கில் சிரிக்கும் குக்கபுரா. இரண்டும் மீன்கொத்திக் குடும்பத்துப் பறவைகள், அந்தி சந்தியில் கூட்டமாகக் கத்தும். அந்தி நேரப் பதிவில் தூரத்தில் கேட்கும் சிரிப்பைக் குறித்து அவசரப்படாதீர்கள். நன்றாக இருட்டி ஒரு மணி நேரம் ஆன பிறகும் அது கேட்டால் பறவையாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

அடுத்தது பல்லி. டார்வின் வீடுகளின் சுவரில் 'ச்சக் ச்சக் ச்சக்' என்று ஒலிப்பது ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போன வீட்டுப்பல்லி. நம் ஊர் வீடுகளிலும் இருக்கும் இனம்தான். பல்லி சொல்வதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் ஏமாற்றமே நேராது. அதன் வெட்டுகள் வறண்டவை, சீரானவை. ராத்தின் கரகரப்பு அதில் இருக்காது.

அதே குளத்தில் வேறு எந்தத் தவளைகள் கேட்கும்?

பச்சை மரத்தவளை: கனத்த, தாழ்ந்த 'க்ராக்… க்ராக்'. கூரையிலிருந்து மழைநீர் இறங்கும் குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு குழாயையே ஒலிபெருக்கியாக்கிவிடும். சிவப்பு மரத்தவளை: சிறியது, ஆனால் கடற்காகம் வீறிடுவது போல உரத்த இழுவை, பலர் முதலில் இதைத்தான் ராத் என்கிறார்கள். வடக்குக் குள்ள மரத்தவளை தாழை இலையிலும் புல்லிலும் இருந்து ஒரு கீச்சு இழுவையும் அதற்குப் பின் 'பிப்-பிப்' என்று குட்டை ஒலிகளும் தரும். தரையில் ராக்கெட் தவளைகள் குட்டிநாய் குரைப்பது போல அடுக்கும். கரும்புத் தேரையின் குரல் தூரத்து மோட்டார் ஓடுவது போல நிற்காமல் போகும்.

மொத்தக் கூச்சலைப் பிரிக்க ஒரு வழி: கண்ணை மூடி, ஒரு சுற்றுக்கு ஒரே குரலை மட்டும் பின்தொடருங்கள். தாழ்ந்ததில் தொடங்கி உயர்ந்ததுக்கு ஏறுங்கள். உயரத்தையும் கவனியுங்கள். குரல் தலைக்கு மேலே கிளையிலிருந்து வருகிறதா, நீர் விளிம்பிலிருந்தா என்பதே பாதி விடை.

எங்கிருந்து எங்கு வரை இருக்கிறது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் தொடங்கி, வடக்குப் பிரதேசத்தின் மேல்முனை, கார்ப்பென்டேரியா வளைகுடா நாடு, கேப் யோர்க் தீபகற்பம் வழியாக, குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் தெற்கே மேரிபரோ வட்டாரம் வரை. டாரஸ் நீரிணைக்கு அப்பால் நியூகினியின் தென்பகுதியிலும் உண்டு.

இந்த நீண்ட வளைவில் பொதுவாக உள்ளது யூகலிப்டஸ் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, அடியில் உயரப் புல் வளரும் சவானா. டார்வினில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கொட்டிவிடும். உள்நாட்டுக்குப் போகப் போக மழை குறையும், தவளையும் ஆற்றோரங்களிலும் காயாத நீர்நிலைகளிலும் ஒதுங்கும். அடர்ந்த மழைக்காடு இதன் இடமில்லை. சதுப்புநிலம், ஏரிக்கரை, தாழைப்புதர், தோட்டம், ஊர்க் கழிப்பறைக் கட்டடம் எல்லாம் இதற்கு ஒத்துவரும்.

கடலுக்கு அந்தப் பக்கம் நியூகினிக்கு எப்படிப் போனது?

கடலைத் தாண்டிப் போகத் தேவையில்லை. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது ஆஸ்திரேலியாவும் நியூகினியும் ஒரே நிலம். டாரஸ் நீரிணையில் நீர் புகுந்தது ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்புதான். நியூகினியின் தென்பகுதியில், இந்தோனேசிய எல்லைக்கு இருபுறமும் கிடக்கும் டிரான்ஸ்-ஃப்ளை சவானாவில் நின்றால் வடக்கு ஆஸ்திரேலியா போலவே யூகலிப்டஸும், தாள் போல உரியும் பட்டை கொண்ட மெலலூகா மரமும்தான் கண்ணில் படும். மலையேறினால் கதை வேறு, காடும் வேறு, தவளைகளும் வேறு.

எந்த மாதத்தில், எத்தனை மணிக்குப் போனால் கேட்கலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, நல்ல மழை பெய்து ஓய்ந்த முதல் இரண்டு இரவுகள். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பின் நள்ளிரவு வரை. மழை கொட்டும்போதே போவதில் பயனில்லை. இலையில் விழும் மழைச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

டார்வினுக்குக் கிழக்கே உள்ள ககடு தேசியப் பூங்காவில் வாழும் பூர்வகுடிகளான பினிஞ் மக்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். அக்டோபரில் தொடங்கும் குனுமெலெங், புழுக்கமும் மாலை இடியும் சேர்ந்த முன்மழைப் பருவம். அடுத்தது பெருமழைக்கான குட்ஜேவ்க். முதல் குரல்களைக் குனுமெலெங்கின் இடிமழைக்குப் பிறகே கேட்கத் தொடங்கலாம். 'மழைக்காலம், வெயில்காலம்' என்ற இரட்டைப் பிரிவை விடத் தவளைக்காரருக்கு இந்த ஆறு பருவக் கணக்கு எவ்வளவோ மேல்.

வறண்ட மாதங்களில் எங்கே போய்விடுகின்றன?

மரப்பொந்து, உரிந்த பட்டையின் அடி, தாழை இலையின் கக்கம், கட்டடங்களின் ஈரமான மூலை. இதே நாட்டுப் பச்சை மரத்தவளையிடம் டார்வின் ஆய்வாளர்கள் ஓர் அழகான விஷயத்தைக் காட்டினார்கள். குளிர்ந்த இரவில் வெளியே உட்கார்ந்து உடல் குளிர்ந்த தவளை, கதகதப்பும் ஈரமும் உள்ள பொந்துக்குள் நுழைந்ததும் அதன் தோலில் நீர் முத்து முத்தாகப் படிகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போலத்தான். அந்த நீரைத் தோல் உறிஞ்சிக்கொள்கிறது.

போனில் பதிவுசெய்ய என்ன செய்ய வேண்டும்?

முதலில் உயிர். இது உப்புநீர் முதலைகளின் நாடு. நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள், ஒரே இடத்துக்கு இரவு தோறும் போகாதீர்கள், குனிந்து நீரோரம் போகவே வேண்டாம். தவளை மரத்தில் இருப்பதால் தள்ளி நின்றாலும் நட்டமில்லை.

குரல் வரும் மரத்தை நோக்கிப் போனின் மைக் உள்ள முனையைத் திருப்புங்கள். பெரும்பாலான போன்களில் அது அடிப்பகுதி. கை அசைந்தால் உரசல் விழும், ஆகவே முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். விளக்கை அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, 20 முதல் 60 விநாடி வரை பதியுங்கள். ஒரே நீளப் பதிவை விட, இடம் சற்று மாற்றி மூன்று குறும்பதிவு நல்லது. முடித்ததும் தேதி, நேரம், வெப்பநிலை, கடைசி மழை எப்போது என்பதை வாயால் சொல்லிப் பதிவின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். குறிப்பேடு நனையும், குரல் நனையாது.

ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017 நவம்பரில் தொடங்கிய ஃப்ராக்ஐடி ஆப் இடத்தையும் நேரத்தையும் தானே எடுத்துக்கொள்ளும். அனுப்பிய குரலைத் தவளை அறிந்த மனிதர்களே கேட்டு இனத்தைச் சொல்வார்கள்.

கேட்டபோது நன்றாக இருந்தது, பதிவில் ஏன் ஒன்றுமே இல்லை?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஒன்று, தூரம்: திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். பூச்சிகளின் இரைச்சல் எங்கும் ஒரே அளவில் நிற்கும், தவளை மட்டும் அமிழ்ந்துபோகும். இரண்டு, போனின் இரைச்சல் குறைப்பு: மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்ட அந்த மென்பொருள் சீராகத் திரும்பத் திரும்ப வரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடும். வாய்ஸ் ரெக்கார்டர் ஆப்பின் அமைப்பில் அதை அணையுங்கள். மூன்று, ஒலி உச்சம் வெட்டுப்படுவது: தவளை ஒரு மீட்டரில் இருந்தால் மைக் தாங்காது, அலையின் தலை தட்டையாகி எல்லாக் குரலும் கரகரப்பாகத் தோன்றும். ராத்தின் இயல்பான கரகரப்பும் இந்தச் செயற்கைக் கரகரப்பும் குழம்பும். அளவை மாற்ற முடிகிற கருவியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கட்டும் (பூஜ்யம் என்பது கருவி தாங்கும் எல்லை).

இரவெல்லாம் தானே பதியும் கருவி வைக்கலாமா?

வைக்கலாம். ஆடியோமாத் போன்ற சிறு கருவி மூன்று ஏஏ பேட்டரியில் ஓடும். மாதிரி வீதத்தில்தான், அதாவது கருவி ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதில்தான், பலர் தவறுகிறார்கள். இடம் மிச்சம் பிடிக்க 8 கிலோஹெர்ட்ஸ் வைத்தால், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி எதுவும் பதிவில் இருக்காது. குள்ள மரத்தவளை போன்ற சின்னவற்றின் குரல் அறுந்துபோகும். 32 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு 3.84 எம்பி. மாலை 7 முதல் காலை 7 வரை மணிக்கு 5 நிமிடம் பதிந்தால் ஓர் இரவுக்கு 230 எம்பி. 32 ஜிபி கார்டு நான்கு மாதத்துக்கு மேல் தாங்கும், பேட்டரிதான் அதற்குள் தீரும்.

கட்டும் மரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டும் எறும்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் முசுறும் அங்குள்ள பச்சை எறும்பும் ஒரே இனம். கடியும் அதே கடிதான். மைக் துளையை மழை நேராகத் தொடாதபடி கீழ்நோக்கிச் சாய்த்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். வறண்ட மாதங்களில் புல்லுக்குத் தீ வைப்பது அங்கே வழக்கம், ஆகவே அடிமரத்தைச் சுற்றிப் புல்லை அகற்றாமல் விட்டால் கருவி கருகும்.

ஓர் இரவு கேட்கவில்லை என்றால் அங்கே இல்லை என்று எழுதலாமா?

கூடாது. ஓர் இரவில் காதில் படும் வாய்ப்பு பத்துக்கு நான்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவு போயும் தவறவிடும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 22. ஐந்து இரவு போனால் 8. அதுவும் சரியான பருவத்தில் போனால்தான். ஜூலையில் பத்து இரவு போனாலும் அந்தக் கணக்கு செல்லாது.

பரவல் வரைபடத்தில் புள்ளிகள் சாலையோரமாகவே இருப்பது ஏன்?

தவளைகள் சாலையை விரும்பியா போகின்றன? கேட்கிற காதுகள் போகும் வழி அது. மழைக்காலத்தில் மேல்முனையின் மண்பாதைகள் வெள்ளத்தில் மூடிக்கிடக்கும். தவளை உரக்கக் கத்தும் மாதங்களில்தான் மனிதர் போக முடியாது. ஆகவே வரைபடத்தின் வெற்றிடத்தை 'இல்லை' என்று வாசிக்காமல் 'யாரும் கேட்கவில்லை' என்று வாசியுங்கள்.

பழைய அருங்காட்சியகப் பதிவுகளில் 'கேப் யோர்க்' என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கக்கூடும். புள்ளியாகக் குறித்தவர் ஏதோ ஒரு நடுவிடத்தைத் தேர்ந்திருப்பார். பழைய ஆஸ்திரேலிய ஆயத்தொகுதியில் (இடத்தை எண்களால் குறிக்கும் அடிப்படை முறை) எழுதப்பட்ட இடத்தை இன்றைய வரைபடத்தில் அப்படியே இட்டால் 200 மீட்டர் போல விலகும். சிற்றோடையின் மறுகரைக்கே போய்விடும். உங்கள் பதிவில் பாகையைத் தசமத்தில் நான்கு இலக்கம் வரை கொடுங்கள், அது 11 மீட்டர் துல்லியம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிசகும்.

மெல்பனில் ஒரு மரத்தவளை கிடைத்தது. பரப்பு தெற்கே விரிகிறதா?

குயின்ஸ்லாந்து வாழைப்பழப் பெட்டிகளில் மரத்தவளைகள் தெற்கு நகரங்களின் சந்தைகளுக்கு வந்து சேர்வது பழைய செய்தி. பயணியைக் குடியிருப்பவராக எழுதக் கூடாது. ஒரே இடத்தில் பல ஆண்கள் கத்தி, முட்டையோ தலைப்பிரட்டையோ கிடைத்து, அடுத்த ஆண்டும் அது தொடர்ந்தால் பேசலாம்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுத் தவளையை வரவழைக்கலாமா?

தவிர்ப்பதே நல்லது. ஆண் அதை எதிரியாக எண்ணி அழைப்புக் குரலை விட்டு எச்சரிக்கைக் குரலுக்கு மாறும். நீங்கள் தேடி வந்த குரல்தான் முதலில் போகும். கத்துவது தவளைக்கு ஆற்றல் செலவு மிகுந்த வேலை. வீணாகக் கத்தவிடுவது அதன் இரவைக் கெடுப்பது.

கரும்புத் தேரை வந்த பிறகு இது குறைந்துவிட்டதா?

1935-இல் கரும்பு வண்டை ஒழிக்கக் குயின்ஸ்லாந்தில் விடப்பட்ட தேரை 2001-இல் ககடுவையும் 2009-இல் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையையும் எட்டியது. இன்று ராத்தின் பரப்பில் பெரும்பகுதி தேரையின் பரப்பும்தான். தேரையின் முட்டையைத் தின்னும் உள்நாட்டுத் தலைப்பிரட்டைகள் நஞ்சால் சாகும். அதே சமயம் தவளை தின்னும் உடும்புகளும் வடக்குக் குவோல் என்ற சிறு ஊனுண்ணிப் பைவிலங்கும் தேரையைக் கவ்விச் செத்துக் குறைந்தன. லாபமும் நட்டமும் கலந்தே இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ராத் மரத்தவளை அச்சம் குறைந்த இனமாகவே இருக்கிறது.

வீட்டுக் கழிப்பறைக் கோப்பையில் உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வது?

சானிடைசர், சோப்பு, கொசுவிரட்டி பூசிய கையால் தொடாதீர்கள். தவளையின் தோல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். புதுக் கையுறையை நல்ல தண்ணீரில் நனைத்து, உடலைத் தாங்கி எடுத்து, அருகிலுள்ள புதரிலேயே விடுங்கள். வேறு ஊர்க் குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, தோல்நோய்ப் பூஞ்சை அப்படித்தான் பயணிக்கிறது. நாளை இரவு அதே கோப்பைக்குத் திரும்பி வந்தால் வியக்க வேண்டாம். வெளியேறும் குழாயின் வாயில் வலை கட்டும் வரை வந்துகொண்டேதான் இருக்கும்.